பாஞ்சாலி கலவை கொடுத்த பால்கனி

மயிலாப்பூர் மாதவ கான சபாவில் பாஞ்சாலி பன்னிரண்டு வருஷமாகப் பெருக்கிக்கொண்டிருந்தாள். எந்த நாற்காலியில் ஆணி துருத்திக்கொண்டு புடவையைக் கிழிக்கும், எந்த வித்வான் வந்தால் க்ரீன் ரூமில் எத்தனை காபி டம்ளர் சேரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மறுநாள் காலையில் குப்பையைப் பார்த்தே கச்சேரி எப்படி என்று சொல்லிவிடுவாள். நன்றாக இருந்திருந்தால் கீழே ஒன்றும் கிடக்காது. சுமாராக இருந்திருந்தால் நிகழ்ச்சி நிரல் காகிதமெல்லாம் விசிறியாக மடிந்து கிடக்கும், கடலைத் தோல் வேறு.

அதனால், தொண்ணூற்றாறாம் வருஷம் நவம்பரில் ஒரு நாள் காலை, பால்கனிக்குக் கீழே இருந்த வரிசையில், இடது பக்கம் மூன்றாவது நாற்காலியின் மேல் ஒரு கை அளவு வெள்ளைத் தூள் கிடந்தபோது, அது யாரும் போட்ட குப்பை இல்லை என்று உடனே அவளுக்குத் தெரிந்தது. துடைத்தாள். மறுநாள் அதே நாற்காலியில் அதே தூள். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு யாரும் இல்லையே என்று சுற்றிலும் பார்த்துவிட்டு நுனி நாக்கில் வைத்தாள். சுண்ணாம்பு இல்லை. சிமெண்டு.

அண்ணாந்து பார்த்தாள். போன வருஷம் ஏசி போட்டபோது பொருத்திய பொய்க்கூரை, வெள்ளை வெளேரென்று சதுரம் சதுரமாக, பல்செட் போல் சுத்தமாக இருந்தது. இரண்டு சதுரத்துக்கு நடுவில் மட்டும் ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்துதான் தூள் இறங்கியிருந்தது.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. பால்கனியின் முன்வரிசைக்கு முன்னால் ஒரு நடைபாதை உண்டு. அதை அலம்பினால் தண்ணீர் வலது மூலையிலிருக்கும் ஓட்டைக்குத் தானாக ஓடிவிடும். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் ஓடியது. அன்றைக்கு வாளியைக் கவிழ்த்தாள். தண்ணீர் ஒரு நிமிஷம் யோசித்தது போல் நின்றது. பிறகு மெதுவாக இடது பக்கம் திரும்பிப் போனது.

பாஞ்சாலி துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த இடது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அந்தக் கட்டிடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

எழுபத்தெட்டில் அந்தப் பால்கனியைக் கட்டும்போது பாஞ்சாலிக்குப் பதினெட்டு வயசு. சித்தாள் வேலை. தலையில் சும்மாடு, அதன்மேல் கலவைச் சட்டி, சவுக்குக் கொம்பு கட்டிய சாரத்தில் ஏறி இறங்கவேண்டும். பால்கனியைத் தாங்குகிற பெரிய பீமுக்கு கான்கிரீட் போட்ட நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அது ஒரே நாளில் போட்டு முடிக்கவேண்டிய வேலை. மத்தியானம் மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. இடது பக்கம் பாதியில் நின்றது. சாக்கைப் போட்டு மூடிவிட்டு எல்லோரும் போனார்கள். மழை விட மூன்று நாள் ஆயிற்று. மேஸ்திரி வந்து, ஊறிப்போன பழசின் மேலேயே புதுசைக் கொட்டச் சொன்னான்.

அடைப்புப் பலகையைக் கழற்றியபோது வலது பக்கம் வழவழவென்று வந்திருந்தது. இடது பக்கம் தேன்கூடு மாதிரி ஓட்டை. ஜல்லி தனியாக, கம்பி தனியாகத் தெரிந்தது. பாஞ்சாலி சும்மா ஒரு ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டு வரைக்கும் போயிற்று.

"சாய்ங்காலம் இன்ஜினியர் வராரு. அதுக்குள்ள பூசி மூடு" என்றான் மேஸ்திரி.

பூசியது ஒல்லியாக, சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிற ஒரு இளம் கொத்தனார். பெயர் வேலு. அவனுக்குக் கலவை எடுத்துக் கொடுத்தது பாஞ்சாலி. இன்ஜினியர் வந்தபோது பூச்சு பளபளவென்று இருந்தது. அவர் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் பாஞ்சாலிக்கும் வேலுவுக்கும் கல்யாணம் ஆயிற்று. மகள் கயல் வயிற்றில் இருந்தபோது சாரத்திலிருந்து விழுந்து பாஞ்சாலிக்கு முட்டி போயிற்று. இனிமேல் சட்டி தூக்க முடியாது என்றானபோது, சபாவின் வாட்ச்மேன் சொல்லி இந்தப் பெருக்குகிற வேலை கிடைத்தது. அந்த பீமின் அடியில் தினமும் நடந்தும் பன்னிரண்டு வருஷத்தில் அவள் அதைப் பற்றி அதிகம் நினைக்கவில்லை. நின்றுகொண்டிருக்கிற ஒன்றைப் பற்றி யார் நினைப்பார்கள்?

அவர்கள் குடிசை மந்தவெளிக்குப் பின்னால் கால்வாய்க் கரையில் இருந்தது. பறக்கும் ரயிலுக்காகப் போட்ட தூண்கள் குடிசைக்கு நேரே எழும்பி நின்றன. வேலு பெருங்குடிப் பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஆபீஸ் கட்டிடங்களுக்கு வேலைக்குப் போய்வந்தான். சாயங்காலம் அவன் சாப்பிட உட்கார்ந்ததும் பாஞ்சாலி பேச்சை எடுத்தாள்.

"அந்த ஹாலு பால்கனி இறங்குதுய்யா."

"எந்தப் பக்கம்?" என்றான் வேலு. தலையைத் தூக்கவில்லை.

"பீச்சாங்கைப் பக்கம்."

அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது. எந்த ஹால் என்று அவன் கேட்கவில்லை, எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை. அதுதான் பாஞ்சாலிக்கு முதல் பயம்.

"இன்னாய்யா, வாயத் தொறந்து ஏதானா சொல்லேன்."

"ஓட்டை மட்டும் இல்லமே" என்றான் வேலு, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு. "கம்பியும் கம்மி. அஞ்சு போடணும்னு படத்துல போட்டிருந்துச்சு. மூணுதான் போட்டோம். மீதி ரெண்டையும் மேஸ்திரி வேற எடத்துக்கு வண்டில ஏத்திட்டான். எனக்குத் தெரியும். நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

"இத்தினி வருசமா என்கிட்ட சொல்லவே இல்லியே."

"சொல்லி இன்னா பண்ணுவ?"

இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க வந்தவன் போல வேலு ஹாலுக்கு வந்தான். மேடையில் ஏதோ நாட்டிய ஒத்திகை. பத்துப் பெண்கள் சேர்ந்தாற்போல் தட்டடவு ஆடிக்கொண்டிருந்தார்கள். வேலு பால்கனிக்கு ஏறி, முன்பக்கம் போய்க் குந்தி, தரையில் உள்ளங்கையை வைத்தான். காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவனைப் போல இருந்தது அவன் முகம். பிறகு சுவரோரம் பீம் ஏறுகிற இடத்தை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டினான். வலது பக்கம் 'டங்' என்றது. இடது பக்கம் மண்சட்டியைத் தட்டியது போல் 'பொத்' என்றது.

இறங்கும்போது படிக்கட்டுக் கைப்பிடியை அவன் தொடவில்லை. வாசலுக்கு வந்ததும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டான்.

"சீசன்ல மேல ஜனம் ரொம்புமா?"

"இர்நூறு பேரு உக்கார்லாம். டிசம்பர் இருவத்திரெண்டு ஞாயித்துக்கெழமை புள்ளைங்க நாட்டிய நாடகம் கீது. அடையாறு டான்ஸ் கிளாஸ்லேர்ந்து அறுவது புள்ளைங்க. அதுங்க அம்மா அப்பால்லாம் மேலதான்."

வேலு தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அன்னிக்கி நீ மேல போவாத."

அவ்வளவுதான் சொன்னான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாஞ்சாலிக்கு அன்று முழுக்க அந்த நாலு வார்த்தைதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. நான் போகாமல் இருந்துவிடுவேன். சரி. மற்றவர்கள்?

சபாவின் காரியதரிசி கஸ்தூரிரங்கன் கெட்டவர் இல்லை. பாங்க்கிலிருந்து ஓய்வு பெற்றவர். சம்பளம் வாங்காமல் சபாவுக்கு உழைப்பவர். டிசம்பர் வந்துவிட்டால் சாப்பாட்டையே மறந்துவிடுவார். பாஞ்சாலியின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அவருடைய அறையில் தொலைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் பாஞ்சாலி போய் நின்றாள். தூளைப் பற்றிச் சொன்னாள், தண்ணீர் திசைமாறி ஓடுவதைச் சொன்னாள், பால்கனிக் கதவு நிலையில் இறுகிப்போய்த் தோள் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கிறது என்பதையும் சொன்னாள்.

"ஏன் பாஞ்சாலி, சீசன் தலைக்கு மேல வந்து நிக்கறது, நீ தூளைப் பத்திப் பேசிண்டிருக்கியே. மழைக்காலத்துல கதவு ஊறத்தான் ஊறும்."

"அது ஊறல் இல்ல சார். அந்த பீமுக்குள்ள ஓட்டை கீது சார்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான்தான் கலவை குடுத்தேன்."

கஸ்தூரிரங்கன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மறுபடியும் தொலைபேசி அடித்தது. அவர் எடுக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை காத்திருந்தார்.

"பூசினது யாரு?"

பாஞ்சாலி தரையைப் பார்த்தாள்.

"வேலுவா?"

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இதோ பார்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. அதட்டல் இல்லை. அதட்டியிருந்தால்கூடத் தேவலை என்று பிறகு பாஞ்சாலி நினைத்துக்கொள்வாள். "இதை வெளில சொன்னா, போலீஸ் மொதல்ல வேலுவைத்தான் தேடிண்டு வரும். காண்ட்ராக்டர் செத்துப்போய் எட்டு வருஷமாச்சு. ஜனவரி பத்தாந் தேதி சீசன் முடியறது. பதினொண்ணாந் தேதி நானே ஆளைக் கூட்டிண்டு வந்து காட்டறேன். இருபது வருஷமா நிக்கறது, இன்னும் ஒரு மாசம் நிக்காதா? வாயைத் திறக்காம இரு."

அன்று முதல் பாஞ்சாலி ஒன்றைக் கவனித்தாள். வாசலிலிருந்து மேடைக்குப் போக நேர்வழி, பால்கனிக்கு அடியில் போகிற நடுப்பாதை. கஸ்தூரிரங்கன் பன்னிரண்டு வருஷமாக அதில்தான் வேகவேகமாக நடப்பார். இப்போது வெளியே போய், வாகன நிறுத்தத்தைச் சுற்றி, பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்தார். யாராவது நடுப்பாதையில் நின்று பேசக் கூப்பிட்டால், "இப்படி வாங்கோ, இங்கே காத்தோட்டமா இருக்கு" என்று வெளியே இழுத்துக்கொண்டு போனார். அவருக்கே அது தெரிந்ததோ என்னவோ.

சீசன் ஆரம்பித்தது. கேண்டீனில் ரவா தோசை மணம், வாசலில் ஆட்டோக்களின் இரைச்சல், பட்டுப்புடவைகளின் சரசரப்பு. ஏசி போட்ட ஹால் என்று மாதவாவுக்கு அந்த வருஷம் கூட்டம் அள்ளிக்கொண்டு வந்தது. வித்வான் ஸ்வரம் பாடி முடித்ததும் பால்கனியிலிருந்து கைதட்டல் இடி மாதிரி இறங்கும். பாஞ்சாலி தூணோரம் நின்று, கூட்டத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு கைதட்டலுக்கும் அந்தக் கோட்டிலிருந்து மெல்லிய புகைபோல் ஏதோ இறங்கி, விளக்கு வெளிச்சத்தில் மின்னி, கீழே இருப்பவர்கள் தலையில் படியும். ஒரு மாமா பொடுகு என்று நினைத்துத் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

பால்கனியில் முதல் வரிசை, இடது கோடி நாற்காலி வேம்பு மாமியுடையது. கோபாலபுரத்தில் தனியாக இருப்பவர், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர். இரண்டு பஸ் மாறி வருவார். பாஞ்சாலியிடம் பத்து வருஷப் பழக்கம்.

"என்னடி பாஞ்சாலி, எனக்குன்னே இந்த நாற்காலியைத் துடைச்சு வெச்சிருக்கியா?"

"அந்தப் பக்கம் உக்காருங்க மாமி. இங்க ஒரே வெய்யிலு."

"ஏசி ஹாலுக்குள்ள ஏதுடி வெயில்?" என்று மாமி சிரித்தார். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

இருபத்திரண்டாம் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது அந்த நாற்காலிக்கு எதிரே, முன்பக்கப் பலகைச் சுவருக்கும் தரைக்கும் நடுவில், ஒரு இடைவெளி விட்டிருந்ததைப் பாஞ்சாலி பார்த்தாள். ஒரு விரல் போயிற்று. மறுநாள் இரண்டு விரல்.

யாரிடம் சொல்வது? போலீஸ் என்றால் வேலு. கமிட்டிக்காரர்கள் யாரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை. அவளுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும், கடிதம் எழுதத் தெரியாது. ஆனால் அந்த ஹாலுக்கு வருகிற ஜனங்களைத் தெரியும். அவர்களை எது உட்காரவைக்கும், எது எழுப்பி ஓட்டும் என்று தெரியும். எதிர்ச்சாரி வீட்டில் யாரோ மீன் வறுத்தார்கள் என்பதற்காக ஒரு கச்சேரி பாதியில் ஜன்னல்களையெல்லாம் மூடிக்கொண்டு நடந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிற முத்துலட்சுமியிடம் போனாள்.

"சுறாக் கொடல் இருந்தா குடுக்கா."

"கொடலா? இன்னாத்துக்கு?"

"பூனைக்கு."

"எத்தினி பூனைமே வளக்கற நீ?" என்று கேட்டுக்கொண்டே முத்துலட்சுமி ஒரு தகர டப்பா நிறைய வழித்துப் போட்டாள்.

மூன்று நாள் டப்பாவை மூடி வெயிலில் வைத்தாள். கயல் மூக்கைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தாள். பக்கத்துக் குடிசைக்காரர்கள் கால்வாயைத் திட்டினார்கள். வேலு மட்டும் டப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, மூன்று பிளாஸ்டிக் பைகளில் பிரித்துக் கட்டி, ஓட்டை போட்டு, வாளிக்குள் வைத்து மேலே துணி போட்டு மூடி, பாஞ்சாலி பால்கனிக்கு ஏறினாள். நாற்காலிக்கு அடியில் வைத்தால் யாராவது எடுத்து வீசிவிடுவார்கள். அதனால் அந்த இரண்டு விரல் இடைவெளியில் ஒவ்வொன்றாகத் திணித்தாள். பொய்க்கூரைக்குள் எங்கேயோ போய் 'சொத்' என்று விழுந்தன. அவள் குனிந்திருந்தபோது முழங்காலுக்கு அடியில் தரை ஒரு சின்ன முனகல் முனகியது. மாடு படுக்கும்போது விடுகிற மூச்சு போல. எழுந்து, சுவரைப் பிடிக்காமல், ஓசைப்படாமல் இறங்கி வந்தாள்.

பால்கனியில் மட்டும் நாற்றம் அடித்தால் போதும் என்றுதான் அவள் நினைத்தாள். மூன்று மணிக்கு ஏசியைப் போட்டார்கள். பொய்க்கூரைக்குள் ஓடுகிற குழாய்க்காற்று அந்த நாற்றத்தை ஹால் முழுவதற்கும் பங்கு வைத்துவிட்டது.

நாலு மணிக்குத் தொடக்கம். மூன்றரைக்கே பால்கனி நிறைந்தது. மூன்றே முக்காலுக்கு ஆட்கள் கைக்குட்டையோடு இறங்கத் தொடங்கினார்கள். கீழேயும் அப்படியே. "பொணம் கிணம் இருக்கா ஐயா உள்ளே?" என்று ஒருவர் கத்தினார். ஒரு பெண் படியிலேயே வாந்தி எடுத்தாள். க்ரீன் ரூமில் அறுபது குழந்தைகள் ஜடையும் நகையும் சலங்கையுமாகக் காத்திருந்தார்கள்.

கஸ்தூரிரங்கன் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். "பெருச்சாளிதான். கூரைக்குள்ள செத்துக் கிடக்கு. பீர் முஹம்மதைக் கூப்பிடு."

பீர் முஹம்மது ஏசி மெக்கானிக். சீசன் முழுக்க வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர். ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கே சாத்துவது என்று கேட்டபோது, பாஞ்சாலி வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்: "அங்க. அந்தக் கோட்டுகிட்ட."

கஸ்தூரிரங்கன் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம் அவர் உதடு அசைந்தது. வேண்டாம் என்று சொல்ல வந்தாரோ என்னவோ. அதற்குள் பீர் முஹம்மது ஏறி, ஒரு சதுரத்தைத் தள்ளித் தூக்கினார்.

முதலில் தூள் கொட்டியது. பிறகு தேங்காய் அளவு கான்கிரீட் கட்டி ஒன்று அவர் காதருகே விழுந்து, கீழே ஒரு நாற்காலியின் முதுகை உடைத்தது. பீர் முஹம்மது டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தார். அரை நிமிஷம்கூட இருக்காது. இறங்கி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"சார், பெருச்சாளி இல்ல. பீம் பிளந்திருக்கு. என் கை உள்ள போகும். கம்பி துருப்பிடிச்சு அறுந்து தொங்குது." குரலை உயர்த்தாமல் சொன்னார். "எல்லாரையும் வெளிய போகச் சொல்லுங்க. ஓட வேணாம். மெதுவா."

பாஞ்சாலி பால்கனிப் படியடியில் நின்று, இறங்கி வந்த முகங்களை நினைத்துப் பார்த்தாள். வேம்பு மாமி அதில் இல்லை.

வேலு சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் ஏறினாள். கதவைத் தோள் கொடுத்துத் தள்ளினாள். திறக்கவில்லை. இரண்டாவது முறை முழு உடம்பையும் போட்டு மோதியதும் பாதி திறந்தது. காலியான பால்கனியில், முதல் வரிசை இடது கோடியில், நீலகிரித் தைலம் தோய்த்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு மாமி நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"மாமி, எந்திரிங்க."

"நாத்தமெல்லாம் கொஞ்ச நாழில போயிடும்டி. எங்காத்து மாடில இருக்கற அனன்யா ஆடறா. ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன், பாக்காமப் போகமாட்டேன்."

"மாமி, இது நிக்காது. இந்தப் பால்கனியக் கட்டச் சொல்லோ நான் கலவை தூக்கினேன். இதுக்குள்ள ஒண்ணும் கெடையாது. வாங்க."

மாமி கைக்குட்டையை இறக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். எழுந்தார். பைக்காகக் குனிந்தபோது அடியில் எங்கேயோ காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். பாஞ்சாலி மாமியின் முழங்கையைப் பிடித்தாள். "பை வேணாம். என் பின்னாடியே வாங்க. காலைத் தூக்கி வெக்காதீங்க, இழுத்து இழுத்து வைங்க." படிப்படியாக இருந்த வரிசைகளில் இரண்டு பேரும் ஏறினார்கள். இரண்டாவது சத்தம் வந்தது. இது சுள்ளி இல்லை, மரம். கதவு முன்னைவிட இறுகியிருந்தது. திறந்திருந்த இடைவெளியில் மாமியைப் பக்கவாட்டாகத் தள்ளிவிட்டாள். பிறகு அவள் நுழைந்தபோது புடவை தாழ்ப்பாளில் மாட்டிக் கிழிந்தது.

அவர்கள் வாசல் வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்து, யாரோ கொடுத்த தண்ணீரை மாமி குடித்துக்கொண்டிருந்தபோது, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி உள்ளே ஒரு சத்தம் கேட்டது. திறந்திருந்த கதவுகள் வழியே புழுதி வெளியே வந்தது. பால்கனியின் இடது பாதி முழுசாக உட்கார்ந்து, கீழ்வரிசை நாற்காலிகளின்மேல் சாய்ந்து கிடந்தது. உள்ளே ஒருத்தரும் இல்லை.

முற்றத்தில் நானூறு பேர் நின்றார்கள். அலங்காரம் செய்த குழந்தைகள் சிலர் அழுது, மை கன்னத்தில் வழிந்தது. யாரோ நடந்தபோது சலங்கை ஒலித்தது. அந்த ஒலி பாஞ்சாலிக்குத் தாங்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டாள்.

கஸ்தூரிரங்கன் படியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க அரை மணி ஆயிற்று.

மயிலாப்பூர் முழுக்க அந்த வாரம் ஒரே பேச்சு. பிள்ளையாரின் வாகனமே செத்து எல்லோரையும் காப்பாற்றியது என்றார்கள். ஒரு கமிட்டி உறுப்பினர் நூற்றெட்டுக் கொழுக்கட்டை நைவேத்தியம் செய்தார். விசாரணைக்கு வந்த அதிகாரி பழைய வரைபடத்தைக் கேட்டார். அது கிடைக்கவில்லை. மேஸ்திரி எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. வேலுவைத் தேடி யாரும் வரவில்லை.

ஜனவரியில் இடிபாடுகளை வாரும்போது மூன்று பிளாஸ்டிக் பைகள் கிடைத்தன. கஸ்தூரிரங்கன் பாஞ்சாலியை அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் செய்தித்தாளை விரித்து அதில் அவற்றை வைத்திருந்தார்.

"என்ன இது?"

"சுறாக் கொடலு சார்."

அவர் அந்தப் பைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாசத்தில் பத்து வயசு கூடிப்போயிருந்தது அவருக்கு.

"கமிட்டில பீர் முஹம்மதுதான் கண்டுபிடிச்சார்னு எழுதியாச்சு. இது வெளில தெரிஞ்சா, நீ சொன்னதும் தெரியவரும். நான் கேக்காம இருந்ததும் தெரியவரும்" என்றார். "நாளைலேர்ந்து நீ வரவேண்டாம், பாஞ்சாலி."

அவள் தலையாட்டினாள். கதவருகே போனபோது, "ரொம்ப..." என்று பின்னால் குரல் வந்தது. அவள் நின்றாள். அவர் அதை முடிக்கவில்லை. முடிக்கமாட்டார் என்று தெரிந்ததும் அவள் போய்விட்டாள்.

இதோடு முடிந்தது என்றுதான் பாஞ்சாலி நினைத்தாள். வேலுதான் முடியவிடவில்லை. அவன் தூக்கத்தை விட்டிருந்தான். வேலைக்குப் போனால் பாதியில் திரும்பி வந்தான். ஒரு நாள் காலை கால்வாயைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன் தானாகவே சொன்னான்.

"அந்த மேஸ்திரிகிட்ட நான் ஆறு வருசம் வேலை செஞ்சேன்மே."

"தெரியும்."

"அவன் எல்லா எடத்துலயும் அப்பிடித்தான்."

பாஞ்சாலி அவனையே பார்த்தாள். "எத்தினி எடம்?"

அவன் விரல் விட்டான். ஒரு கை முடிந்து, அடுத்த கை முடிந்து, மறுபடி முதல் விரலுக்கு வந்தான். "பதினொண்ணு. நந்தனத்துல ஒரு பள்ளிக்கூடம். தி.நகர்ல கல்யாண மண்டபம் ரெண்டு. அடையாறுல ஒரு ஆஸ்பத்திரி மாடி..."

பாஞ்சாலி அவனைக் கையோடு கோபாலபுரத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். வேம்பு மாமி சாப்பாட்டு மேஜையில் காகிதத்தை விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வேலுவைக் கேள்வி கேட்டார். எந்தத் தெரு, எத்தனை மாடி, எந்தப் பக்கம், எத்தனை கம்பி குறைவு. வேலு முதலில் தரையைப் பார்த்துப் பதில் சொன்னான். போகப்போக நிமிர்ந்து உட்கார்ந்தான். பதினோரு கடிதம் எழுத மூன்று நாள் ஆயிற்று.

"கையெழுத்து யார் போடறது?" என்று கேட்டார் மாமி. "பேர் இல்லாத கடுதாசியைக் கிழிச்சுப் போட்டுடுவா."

வேலு பேனாவை வாங்கினான். பதினொன்றிலும், தனக்குத் தெரிந்த பெரிய எழுத்தில், 'வே. வேலு, கொத்தனார்' என்று எழுதினான்.

மூன்றுக்குப் பதில் வந்தது. பள்ளிக்கூடத்தில் பின்கட்டை இழுத்துப் பூட்டினார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்ஜினியரை வைத்துப் பார்த்துவிட்டு, மாடியில் கட்டில் போடுவதை நிறுத்தினார்கள். ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் இரண்டு ஆட்களைக் குடிசைக்கு அனுப்பி, இன்னொரு கடுதாசி வந்தால் கையிருக்காது என்று சொல்லச் சொன்னார். மற்ற எட்டிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. வேலு மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினான். கலவை சரியில்லை என்று சொல்லிச் சொல்லி ஒரு இடத்திலும் நிலைக்கவில்லை. பாஞ்சாலிக்கு மாமி சொல்லி இரண்டு வீட்டில் வேலை கிடைத்தது.

வைகாசியில் ஒரு முகூர்த்த நாள். தி.நகர் வழியாகப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பாஞ்சாலி, ஆள் அனுப்பி மிரட்டிய அந்தக் கல்யாண மண்டபத்தின் வாசலில் வாழைமரம் கட்டியிருப்பதைப் பார்த்தாள். நாதஸ்வரம் கேட்டது. சாப்பாட்டுக் கூடம் மாடியில். ஜனங்கள் சிரித்துப் பேசிக்கொண்டு படியேறிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவள் இறங்கவேண்டிய இடம் அது இல்லை. ஆனாலும் இறங்கினாள். எதிர்ப் பிளாட்பாரத்தில், ஒரு பாத்திரக்கடையின் நிழலில் போய் நின்றுகொண்டாள். உள்ளே போய் யாரிடம் என்ன சொல்வது? ஒரு பந்தி முடிந்து அடுத்த பந்தி ஏறியது. அதுவும் முடிந்து இன்னொன்று ஏறியது. கடைக்காரர் இரண்டு தடவை, "இன்னாம்மா வேணும்?" என்று கேட்டுவிட்டார். அவள் ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டினாள். கடைசிப் பந்தி சாப்பிட்டு, கடைசி ஆள் தாம்பூலப் பையோடு கீழே இறங்கி வரும்வரைக்கும், மாடி ஜன்னல்களிலிருந்து கண்ணை எடுக்காமல் அங்கேயே நின்றாள்.